இஸ்திரி போட்ட பூகம்பம்

பூகம்பங்களுக்கு நாங்கள் ஜாதகம் பார்த்தோம். வேலையே அதுதான். செங்கல்பட்டில் எங்கள் தெருவில் யாராவது, "ஆபீஸ்ல இன்னா வேலம்மா?" என்று கேட்டால் இப்படித்தான் சொல்வேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை.

விஷயம் இவ்வளவுதான். ஓர் ஊரில் ஒரு கட்டடம் கட்டப் போகிறார்கள். நாளைக்கு நிலம் ஆடினால் அது தாங்குமா என்று இன்றைக்கே தெரிய வேண்டும். நாளைய பூகம்பம் நம் கையில் இல்லை. அதனால் எங்கோ, எப்போதோ வந்துபோன பூகம்பங்களைக் கருவிகள் எழுதி வைத்த பதிவுகளில் ஏழு மட்டும் தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டருக்குள் அந்தக் கட்டடத்தை அவற்றின் மேல் நிறுத்தி ஆட்டிப் பார்ப்போம். கைக்குக் கிடைத்த ஏதோ ஏழு பதிவுகளை எடுத்துக்கொள்ள முடியாது. எவ்வளவு பெரிய ஆட்டம், நிலப்பிளவிலிருந்து எத்தனை கிலோமீட்டர், அடியில் பாறையா களிமண்ணா, பிளவின் இரு பக்கமும் உரசிக்கொண்டு போனதா, இல்லை ஒன்றின் மேல் ஒன்று ஏறியதா, எல்லாம் நம் ஊரோடு ஒத்துப்போக வேண்டும். எங்கள் பிரிவுத் தலைவர் ராமானுஜம் சார்தான் இதற்குப் 'பொருத்தம்' என்று பெயர் வைத்தார். ஒரு பதிவு தேறினால் அன்று மாலை கேன்டீனிலிருந்து பஜ்ஜி வரும். அது அவர் செலவு. தேறாவிட்டால், "பொண்ணு வீட்டுக்குக் கடுதாசி போட்டுடு" என்பார்.

கடற்கரையை ஒட்டிய பெரிய ஆராய்ச்சி நிலையம் அது. பெயர் வேண்டாம். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் என்று சொன்னாலே பாதிப் பேருக்குப் புரிந்துவிடும். நான் தினமும் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஆபீஸ் பஸ்ஸில் வருவேன். என் கணவர் ராஜேந்திரன் மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தார். அவர் மேற்கே போவார், நான் கிழக்கே. பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். என் வாழ்க்கையிலேயே நல்ல தூக்கம் அந்த பஸ்ஸில் தூங்கியதுதான், பொய்யில்லை.

எங்கள் அறையில் மூன்று பேர். சார், நான், ஷாரோன். ஷாரோன் ஃபெல்லோஷிப்பில் சேர்ந்திருந்த பெண், சதுரங்கப்பட்டினத்துக்காரி. அவள் அப்பா ஏசுபாதம் நிலையத்தின் தோட்டப் பிரிவில் வேலை பார்த்தார். அவருடைய அப்பா காலம் வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டில் முதல் இன்ஜினியர் இவள். அதைப் பற்றி அவள் பெருமையும் பேச மாட்டாள், குறையும் பேச மாட்டாள். ஆனால் வாய் மட்டும் நிற்காது. கம்ப்யூட்டரோடும் பேசுவாள். "இன்னா நைனா, இன்னிக்கு இன்னா பேஜாரு பண்ணப் போற?" என்று கேட்டுவிட்டுத்தான் அதைப் போடுவாள். முதல் நாள் அதைக் கேட்டு சார் முகத்தைச் சுளித்தார். ஒரு மாதம் கழித்து, அவள் வராத நாளில், அவரே அதைப் பார்த்து, "என்னப்பா, ஷாரோன் இல்லாம எழுந்துக்க மாட்டியா?" என்று கேட்டதை நான் பார்த்தேன்.

ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டிக் கடல். ஏசி ஓடினால் கம்ப்யூட்டருக்கு நல்லது, எங்களுக்கு ஜலதோஷம். மூன்று பேருக்கும் ஒரே ஸ்வெட்டர், யாருக்குக் குளிர்கிறதோ அவர் போட்டுக்கொள்வார். சார் போட்டுக்கொண்டால் வயிற்றுக்கு மேலேயே நின்றுவிடும். அப்படியே மீட்டிங்குக்கும் போய்விடுவார்.

ராமானுஜம் சாருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. கட்டடத்தை நேராக அஸ்திவாரத்தில் நிறுத்தாமல், ரப்பரும் இரும்புத் தகடும் அடுக்கிய மெத்தைகள் மேல் உட்கார வைப்பது. நிலம் துள்ளினாலும் மேலே இருப்பவர்களுக்கு மெல்ல ஆடுவதோடு போய்விடும். முப்பது வருஷமாக அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார், மாடல் செய்தார், கமிட்டிகளில் கத்தினார். ஒரு கட்டடமும் எழவில்லை. ரிட்டையர் ஆவதற்கு ஆறு மாதம் இருக்கும்போது, இரண்டாயிரத்தில், வடக்கே ஒரு மலையூரில் இருநூறு படுக்கை மருத்துவமனையை அப்படிக் கட்டலாம் என்று ஒப்புதல் வந்தது. நிலப்பிளவு அங்கிருந்து நான்கு கிலோமீட்டர்தான். சார் அன்று பஜ்ஜியோடு நிற்கவில்லை, கேசரியும் வாங்கினார்.

அந்த ஒப்புதலோடு இன்னொன்றும் கட்டப்பட்டிருந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் எங்கள் அறிக்கை போய், பணம் ஒதுக்கப்பட்டுவிட்டால், அந்த வேலையை முடித்துக் கொடுக்க சாருக்கு இரண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன். எக்ஸ்டென்ஷன் இருந்தால் டவுன்ஷிப் வீடும் இருக்கும். மார்ச் தாண்டினால் பணம் டில்லிக்குத் திரும்பிவிடும். சார் பெங்களூருக்கு, மகன் ஷ்யாம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த வீட்டை விட்டுப் போவது சாரை விடக் கல்யாணி மாமிக்குத்தான் ஆகாத காரியம். மாமி ஐம்பது வயதில் டி.வி.எஸ். ஃபிஃப்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர். சாருக்கு சைக்கிளே வராது. மாமி வண்டி ஓட்ட, பின்னால் சார் மடியில் காய்கறிப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து போகும் காட்சி டவுன்ஷிப்பில் ரொம்பப் பிரசித்தம். யாராவது கேலி செய்தால், "நாலு பேரை மாதிரி நானும் காரில் போகலாம், எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்பார் சார். மாமி எதுவும் சொல்ல மாட்டார், ஹாரன் அடிப்பார். டச்சுக்கோட்டைக்குப் பக்கத்தில் பூக்கட்டி விற்ற கன்னியம்மாவோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசாவிட்டால் மாமிக்கு வெள்ளிக்கிழமை விடியாது.

ஜனவரியில் ஒரு நாள் மதியம் எதற்கோ அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமி சமையலறைச் சுவருக்குத் தன் கைக்காசில் டிஸ்டம்பர் அடிக்க ஆள் விட்டிருந்தார்.

"இன்னா மாமி, குவார்ட்டர்ஸுக்குப் போய் யாராவது சொந்தக் காசு போடுவாங்களா?" என்றேன்.

"ரெண்டு வருஷம் இருக்கப் போறோமே வரலட்சுமி. கரி படிஞ்ச செவுத்தைப் பாத்துண்டு இருக்க முடியுமா?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "வந்துடும் இல்லையா? உங்க சார் எங்கிட்ட எதையும் முழுசா சொல்ல மாட்டார். ஷ்யாம் ஆத்துல வண்டியே எடுக்கக் கூடாதாம். பெங்களூர் டிராபிக்ல நான் செத்துடுவேனாம். மூணாவது மாடி. ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டு ஜன்னல்" என்றார்.

வந்துவிடும் என்று அடித்துச் சொன்னேன். ஆறு பதிவுகள் முடிந்துவிட்டன, ஏழாவதுதான் பாக்கி. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

குடியரசு தினத்தன்று குஜராத்தில் பூகம்பம் வந்து ஊர் ஊராக விழுந்தது. டிவியில் பார்க்க முடியவில்லை. அதற்கு மறுவாரமே, ஒப்புதல் கொடுத்த கமிட்டியிலிருந்து போன் மேல் போன். சீக்கிரம் கொடுங்கள், இப்போதுதான் எல்லோருக்கும் காது கேட்கிறது என்றார்கள். உண்மைதான்.

ஏழாவதாக நாங்கள் எடுத்தது ஒரு தைவான் பதிவு. தொண்ணூற்றொன்பதில் அங்கே வந்த பெரிய பூகம்பத்தில், பிளவுக்குப் பக்கத்திலேயே நிறையக் கருவிகள் இருந்திருக்கின்றன. அதுவரை உலகத்தில் யாருக்கும் அவ்வளவு பக்கத்திலிருந்து அவ்வளவு பதிவுகள் கிடைத்ததில்லை. நாங்கள் எடுத்தது எல்லாப் பொருத்தமும் உள்ளது. அளவு சரி, தூரம் சரி, மண் சரி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் பிளவுதான். பத்துக்குப் பத்து. பஜ்ஜி வந்தது, தின்றாயிற்று.

இங்கே எங்கள் பிரிவின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கருவி எழுதுவது நிலத்தின் வேகம் எப்படி மாறியது என்பதைத்தான். நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று தெரிய, நாம் இரண்டு தடவை கூட்டிக் கணக்குப் போட வேண்டும். மளிகைக் கடைத் தராசில் ஒன்றும் வைக்காதபோதே முள் ஒரு நூல் சாய்ந்திருந்தால் என்ன ஆகும்? கூட்டக் கூட்ட அந்த ஒரு நூல் பெரிதாகிக்கொண்டே போகும். கடைசியில் நிலம் எங்கேயோ போய்விட்டதாகக் காட்டும். ஆட்டம் நின்றபின் நிலம் பழைய இடத்தில்தானே இருக்க வேண்டும்? அதனால் கோட்டின் வாலைப் பிடித்து இழுத்துப் பூஜ்யத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவோம். அதற்கென்று சார் அந்தக் காலத்தில் தன் கையால் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். நாங்கள் அதை இஸ்திரிப் பெட்டி என்போம். எந்தப் பதிவு வந்தாலும் முதல் வேலை இஸ்திரி போடுவது. இருபது வருஷமாக ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. குளித்துவிட்டுத் தலை துவட்டுகிற மாதிரி அது.

தைவான் பதிவுக்கும் ஷாரோன் இஸ்திரி போட்டாள். மருத்துவமனையை அதன் மேல் நிறுத்தி ஆட்டினோம். கட்டடம் மெத்தை மேல் இப்படியும் அப்படியும் போக, சுற்றிலும் ஒரு முழம் அகலத்துக்குப் பள்ளம் விட்டிருந்தோம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கான்கிரீட் சுவர். கட்டடம் முக்கால் முழம் போய்த் திரும்பியது. எல்லாம் சுபம்.

பிப்ரவரி நடுவில் ஷாரோன் ஒரு நாள் வாயைத் திறக்காமல் வேலை பார்த்தாள். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"இல்லக்கா. அறிக்கைல படம் போடணுமேன்னு இஸ்திரி போடாத ரெக்கார்டையும் ஒரு தபா வரைஞ்சு பாத்தேன். பாரேன்" என்றாள்.

பார்த்தேன். தராசு முள் சாய்ந்திருந்த மாதிரிக் கோளாறு என்றால் கோடு கொஞ்சம் கொஞ்சமாக, ஆட்டம் நின்ற பிறகும் சரிந்துகொண்டே போகும். இது அப்படி இல்லை. ஆட்டத்தின் நடுவில், ஒரே மூச்சில் படி ஏறுவதைப் போல ஏறி, அந்த உயரத்திலேயே கடைசி வரை நேராக நின்றது.

"திரும்பி வரலக்கா" என்றாள்.

"கருவிக் கோளாறுடி."

"நானும் அப்டித்தான் நெனச்சேன். அந்த ஊர்ல சர்வே பண்ணி வெச்சிருக்காங்க. கருவி கீற எடத்துக்குப் பக்கத்துல சர்வே கல்லு ஒண்ணு கீது. பூகம்பத்துக்கு முன்னாடி எங்க இருந்துச்சு, பின்னாடி எங்க கீதுன்னு அளந்து போட்டுக்கிறாங்க. அந்தக் கல்லும் இதே பக்கம், இதே அளவு போயிருக்கு. ஒன்றரை மீட்டருக்கு மேல. நெலமே நெசமா நகந்துடுச்சுக்கா. நாமதான் அதப் புடிச்சு இழுத்தாந்து பழைய எடத்துல வெச்சுக்கினு இருந்திருக்கோம்."

இஸ்திரி போடாமல் மருத்துவமனையை ஆட்டியும் பார்த்துவிட்டிருந்தாள். நிலம் ஒரே வீச்சில் காலடியிலிருந்து விலக, கட்டடம் ஒன்றே முக்கால் முழம் பின்தங்கியது. பள்ளம் இருப்பது ஒரு முழம். கட்டடம் போய்ச் சுவரில் மோதும்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஷாரோன் மேல் வந்தது, தைவான் மேல் வந்தது. மாமியின் சமையலறைச் சுவர் கண்ணில் நின்றது. "சாராண்ட இத எப்டி சொல்லப் போற?" என்றேன். "எப்டி சொல்லாம இருக்கிறது?" என்றாள்.

மறுநாள் காலை சொன்னாள். சார் ஸ்வெட்டர் போட்டிருந்தார். படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"என் புரோகிராம்ல தப்புங்கறியா?"

"தப்பு இல்ல சார். தூரத்துல எடுத்த ரெக்கார்டுக்கெல்லாம் அது கரெக்ட்டு. பிளவுக்கு இவ்ளோ கிட்டக்க நமக்கு ரெக்கார்டே வந்ததில்ல சார். அதான் தெரியல."

சார் அவளிடம் கத்தினார். உனக்கு அவசரம், மறுபடி செய், சர்வேக்காரன் எண்ணை நம்பாதே என்றெல்லாம் கத்தினார். மூன்று நாள் தானே உட்கார்ந்து வேறு வேறு வழியில் கணக்குப் போட்டார். எந்த வழியில் போனாலும் நிலம் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் மாலை ஷாரோனைப் பார்த்து, "நீ சொன்னதுதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பஜ்ஜி இல்லை.

கமிட்டித் தலைவர் சென்னையிலிருந்து காரில் வந்தார். கெட்ட மனிதர் இல்லை, சாரின் மேல் பிரியம் உள்ளவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுக்கு ஏன் சார் இவ்வளவு கவலை? உங்ககிட்ட தைவான் ரெக்கார்டே நாற்பது இருக்கு. இதை எடுத்துட்டு, கொஞ்சம் தள்ளி இருக்கிற ஒண்ணைப் போடுங்க. ஏழுங்கறது நாம தேர்ந்தெடுக்கிறதுதானே? விதியில எங்கேயாவது இதைத்தான் போடணும்னு இருக்கா?" என்றார்.

இல்லை. அவர் சொன்னது முழுக்கச் சரி. பெரிய மெத்தை செய்து, சோதித்து, பள்ளத்தை அகலமாக்கி வரைபடம் மாற்ற ஒரு வருஷம் ஆகும். மார்ச் முப்பத்தொன்றுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. அவர் காரில் ஏறிய பிறகு நானும் சாரிடம் அதையே சொன்னேன். ஒளித்துச் சொல்லவில்லை, முகத்துக்கு நேராகச் சொன்னேன். "ஒண்ணை மாத்துங்க சார். மெத்தையே இல்லாத கட்டடத்தைவிட ஒரு முழப் பள்ளம் இருக்கிற கட்டடம் தேவலை. மாமியை நினைச்சுப் பாருங்க."

"தேவலை இல்லை, வரலட்சுமி. சுவத்துல போய் இடிச்சா மெத்தை இல்லாததைவிட மோசம். உள்ள இருக்கறவா எழுந்து ஓட முடியாதவா."

"அந்த ஆட்டம் அங்க வரும்னு என்ன நிச்சயம் சார்? ஏழுல ஒண்ணுதானே?"

சார் ஜன்னல் பக்கம் திரும்பினார். சவுக்குத் தோப்பில் யாரோ சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு ரெக்கார்டைத் தள்ளினா ஏன் தள்றோம்னு காரணம் எழுதுவோம் இல்லையா? தூரம் ஒத்துவரலை, மண் ஒத்துவரலைன்னு. இதுக்கு எல்லாமே ஒத்துவரது. நான் என்ன எழுதட்டும்? ஆத்தைக் காலி பண்ண மனசு வரலைன்னா?"

ஆனால் ஒன்று சொல்கிறேன், அன்று மாமிக்காக நான் பேசியதற்கு இன்றும் வெட்கப்பட மாட்டேன். ஒருவர் நியாயமாக நடந்துகொள்ள, அவரோடு இருப்பவர் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. அதையும் யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

அறிக்கையைச் சார் தானே வாபஸ் வாங்கினார். மார்ச்சில் பணம் திரும்பிப் போனது. மருத்துவமனையைப் பிற்பாடு வேறு யாரோ, மெத்தை எதுவும் இல்லாமல், தாழ்வாகக் கனத்த சுவர்களோடு கட்டினார்கள். மார்ச் கடைசி நாள் சாருக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஆபீஸ் ஜீப்பில் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். ஜீப்பில் உட்கார்ந்ததும் பழக்கத்தில் காய்கறிப் பையைத் தேடுகிறவர் மாதிரி மடியைத் தடவிக்கொண்டார். நான் அழுதேன். ஷாரோன் ஜீப் பக்கமே வரவில்லை.

மாமி அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டிருந்தார். வழியில் பார்த்தால் வண்டியை மெதுவாக்காமல் போய்விடுவார். "என்னாலதான அக்கா?" என்று ஷாரோன் கேட்டுக்கொண்டே இருந்தாள். "தைவானால" என்று நான் எரிந்து விழுவேன்.

மே மாதம் லாரி வந்தது. சாமான் ஏற்ற நானும் என் கணவரும் போயிருந்தோம். கூப்பிடாமலே ஷாரோனும் வந்து, யாரையும் கேட்காமல் பாத்திர மூட்டைகளைத் தூக்க ஆரம்பித்தாள். டி.வி.எஸ். ஃபிஃப்டியை முந்தின நாளே பால்காரருக்கு விற்றாகிவிட்டது. அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. மாமி அதை மிதிக்காமல் சுற்றிப் போனார்.

லாரியின் பின்கதவைச் சாத்தும்போது மாமி ஷாரோன் எதிரில் வந்து நின்றார்.

"அந்த நிலம் நகர்ந்துதுன்னியே. எவ்வளவு?"

ஷாரோன் திகைத்துப் போய், இரண்டு கையையும் இரு பக்கமும் விரித்துக் காட்டினாள். "இவ்ளோ மாமி."

மாமி அந்தக் கை முதல் இந்தக் கை வரை பார்த்தார். "இவ்வளவுதானா? எங்களை முந்நூத்தம்பது கிலோமீட்டர் நகர்த்திடுத்தே" என்றார். சிரிக்கவில்லை. போய், லாரிக்கு முன்னால் நின்ற வாடகைக் காரில் ஏறிக்கொண்டார்.

ஷாரோன் கையை இறக்க மறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். நான்தான் பிடித்து இறக்கிவிட்டேன்.

புதிய தலைவர் வந்தார், நல்லவர், பஜ்ஜி கிடையாது. ஸ்வெட்டர் ஆளுக்கொன்று ஆபீஸ் செலவில் வந்தது. வேலை முன்னைவிட ஒழுங்காக நடந்தது. எனக்குத்தான் அறைக்குள் நுழையவே பிடிக்காமல் போயிற்று.

செப்டம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ராத்திரிச் சாப்பாட்டு வேளையில், எங்கள் கரை ஆடியது. முதன்முதலாக. புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கு அடியில் ஏற்பட்ட அதிர்வு என்று மறுநாள் பேப்பரில் வந்தது. எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு மேல் இருந்த குழம்புச் சட்டி தானாக நகர்ந்தது. முப்பது நாடுகளின் பூகம்பங்களை எண்ணெண்ணாகத் தெரிந்தவள் நான். என்ன ஏது என்று யோசிக்காமல், கரண்டியோடு தெருவுக்கு ஓடினேன். என் கணவர் எனக்கு முன்னால் ஓடிவிட்டிருந்தார்.

மறுநாள் காலை அறையைத் திறந்ததும் போன் அடித்தது. பெங்களூரிலிருந்து சார்.

"வரலட்சுமி, எப்படி இருந்துது? எத்தனை செகண்ட்? முதல்ல குத்தா வந்துதா, பக்கவாட்டா வந்துதா?"

"எனக்கு இன்னா சார் தெரியும், நான் ஓடிட்டேன்" என்றேன்.

"ஓடிட்டியா?" என்றார். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. "முப்பது வருஷம்மா. ராத்திரி முழிப்பு வந்தா கட்டில் அசையறதான்னு பாப்பேன். ஒரு தடவை அசையலை. எத்தனை பூகம்பத்தைப் படிச்சிருப்பேன், ஒண்ணு மேலயும் நான் நின்னதில்லை. இப்ப வந்திருக்கு பாரு. ஷாரோன் இருக்காளா?"

ரிசீவரை ஷாரோனிடம் கொடுத்து, நானும் காதை ஒட்டி வைத்துக்கொண்டேன். ஷாரோன் ஓடவில்லையாம். அதைத்தான் முதலில் சொன்னாள்.

"வூட்ல துன்னுகினு இருந்தேன் சார். மொதல்ல ரேக்குல தட்டுங்கள்லாம் கிணுகிணுன்னுச்சு. லாரி போவுதுன்னு நெனச்சேன். அப்பால தரை அப்டியே வழுக்கினு போறமாதிரி, கெழக்கால மேற்கால. நான் செவுத்தப் புடிச்சிகினு ஒண்ணு ரெண்டு எண்ண ஆரம்பிச்சேன் சார். அம்மா கத்துச்சு, நான் எண்ணிக்கினே இருந்தேன்."

"அப்புறம்?" என்றார் சார்.

"அப்பால நின்னுடுச்சு. எல்லாரும் கோட்டை பக்கம் ஓடிட்டாங்க. கடல் சும்மாதான் இருந்துச்சு. கன்னியம்மா பூக்கூடயத் தலைல வெச்சிகினு ஓடுச்சு சார்."

"அப்புறம்?"

சொன்னதையே அவள் மறுபடி சொன்னாள். அவர் மறுபடி, "அப்புறம்?" என்றார். எஸ்.டி.டி. ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அந்தப் பக்கம் கை மாறுகிற சத்தம் கேட்டது. மாமி.

"ஷாரோனா? உங்காத்துல எல்லாரும் சௌக்கியமா? செவுரு கிவுரு விரிசல் விடலையே?"

"இல்ல மாமி. எல்லாம் நல்லா கீறோம்."

"டிவில சொன்னதுலேர்ந்து இவர் ஒரு வாய் சாப்பிடலை. தரையில கையை வெச்சுண்டு உக்காந்திருக்கார், இங்க எதாவது வருமான்னு. ஷ்யாம் சிரிக்கறான். நல்லவேளை நீங்க அங்க இல்லைன்னு பக்கத்தாத்துல எல்லாரும் சொல்றா." பிறகு சொன்னார்: "நீ அன்னிக்குச் சொன்னது சரிதான்டி. எனக்கு அப்பவே தெரியும். நீ அதைச் சொல்லாம இருந்திருந்தா இவர் உன் மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டார். அதெல்லாம் சரி. ஆனாலும் நேத்து நாங்க அங்க இருந்திருக்கணும்."

ஷாரோன் என்னைப் பார்த்தாள். அவள் கண் நிரம்பியிருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"ஆமா மாமி" என்றாள். "இருந்திருக்கணும்."